மறக்கத் தெரிந்த கணக்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் வற்றுப்பெருக்கு அட்டவணையில் ஒரு நாளுக்குப் பெரும்பாலும் நான்கு வரி இருக்கும். வற்று, பெருக்கு, மறுபடி வற்று, மறுபடி பெருக்கு. பக்கத்தில் நேரம், அதற்குப் பக்கத்தில் மீட்டரில் உயரம். சந்திரக் கணக்கில் ஒரு நாள் என்பது 24 மணி 50 நிமிடம் ஆகிறபடியால் சில நாட்களுக்கு மூன்றே வரிதான் கிடைக்கும். எங்கள் கடலில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. கொட்டியாரக் குடாவில் தோணி விடுகிறவர்கள் காற்றுக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதியைக்கூட வற்றுக்குக் கொடுப்பதில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு நிரல் எழுதப் படிப்பிக்கிற எனக்கு அந்த அட்டவணை பெரிய உதவி. ஏறி இறங்கி ஏறிப் போகிற எண்வரிசைக்கு இதைவிட நல்ல உதாரணம் இந்த ஊரில் இல்லை.

ஒரு நாளின் உயரங்கள் 0.2, 0.6, 0.3, 0.7 என்று வைத்துக்கொள்வோம். மீட்டரை விட்டுவிடுங்கள். சிறியதற்கு 1, அடுத்ததற்கு 2 என்று தரம் போட்டால் 1, 3, 2, 4 என்று வரும். வற்றில் தொடங்குகிற நாளுக்கு இப்படி எத்தனை தரவரிசை வரலாம்? நான்கு எண்களை 24 விதமாக அடுக்கலாம். அவற்றுள் ஏறி, இறங்கி, ஏறுகிறவை ஐந்துதான்: 1324, 1423, 2314, 2413, 3412.

இந்த ஐந்தில் கடைசியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மற்ற நான்கிலும் இரண்டு வற்றுகளும் 1, 2 என்ற தரத்தில் இருக்கின்றன. எந்த வற்றும் எந்தப் பெருக்கையும் விடத் தாழ்வு. 3412இல் மட்டும் காலை வற்று பின்னேரப் பெருக்கை விட உயரத்தில் நிற்கிறது. சந்திரனும் சூரியனும் மட்டும் இழுக்கிற கடலில் ஒரே நாளுக்குள் இப்படி நடப்பது அபூர்வம். காற்றோ காற்றமுக்கமோ கடல்மட்டத்தையே அன்றைக்கு மொத்தமாகக் கீழே இறக்கியிருந்தால் நடக்கலாம். கணக்கு ஐந்து என்கிறது, கடல் பெரும்பாலும் நான்கோடு நின்றுகொள்கிறது. எண்ணிப் பார்க்காதவனுக்கு அந்த ஐந்தாவது கண்ணில் படாது.

நான்கு வரியைக் கையால் எழுதிவிடலாம். இரண்டு நாளுக்கு எட்டு வரி. எட்டு எண்களை 40,320 விதமாக அடுக்கலாம், அதில் ஏறி இறங்குகிறவை 1385. ஒரு வாரத்துக்கு ஏறக்குறைய 27 வரி. அதற்கான விடை 23 இலக்கத்தில் நீள்கிறது. எழுதிப் பார்க்கிற கதை இங்கே முடிந்துபோகும். ஆனாலும் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை கேட்காமல் விடாது: “கொம்பியூட்டர்தானே சேர், எல்லாத்தையும் எழுதச் சொன்னா எழுதாதா?” எழுதும். ஒரு செக்கனுக்கு நூறு கோடி வரிசை எழுதினாலும் இருபது எண்களின் எல்லா அடுக்குகளையும் எழுதி முடிக்க எழுபது வருடத்துக்கு மேல் ஆகும். 20 தொடர்பெருக்கம் என்பது 2,432,902,008,176,640,000. அந்தப் பிள்ளைக்கு அப்போது தொண்ணூறு வயது.

டைனமிக் புரோகிராமிங் என்று ரிச்சர்ட் பெல்மன் 1950களில் பெயர் வைத்த முறை, பையன்கள் வாயில் டிபி, இங்கேதான் உள்ளே வருகிறது. முந்தைய விடையைச் சேமித்து வை, அடுத்ததை அதிலிருந்து கட்டு என்று இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். சொல்வது சரிதான். ஆனால் சேமிப்பது இதில் சுலபமான பாதி. எதைச் சேமிக்காமல் விடலாம் என்று கண்டுபிடிப்பதில்தான் வேலையெல்லாம் கிடக்கிறது.

இருபது எண்களை இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டு போகிறோம். பாதி வழியில் நிற்கிறபோது மீதியை முடிக்க எனக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? கொஞ்சம் பழகிய பையன் உடனே சொல்வான்: இதுவரை எந்தெந்த எண்களைப் பயன்படுத்தினேன், கடைசியாக எதை வைத்தேன், இரண்டும் தெரிந்தால் போதும். நல்ல பதில். எந்த ஒழுங்கில் வைத்தோம் என்பதை அவன் மறந்துவிட்டான். அதனால் இருபதுக்கான நிலைகள் 2 கோடியே 10 லட்சத்துக்குள் வந்துவிடுகின்றன. எழுபது வருட வேலை சில செக்கனில் முடியும். ஆனால் எண்ணிக்கையை இருபதிலிருந்து நாற்பதாக்கினால் இந்த வழியும் படுத்துவிடும்.

இன்னும் எதை மறக்கலாம்?

எந்தெந்த எண்கள் என்பதையே மறக்கலாம். இதை முதலில் கேட்கிறபோது பிள்ளைகள் நம்புவதில்லை. 2413ஐயும் 1423ஐயும் பக்கத்தில் எழுதிக் காட்டுவேன். இரண்டும் ஏறி முடிகின்றன. இரண்டிலும் கடைசி எண்ணின் தரம் நான்கில் மூன்று. இனி ஐந்தாவதாக ஒன்று வரவேண்டும், அது இறங்க வேண்டும். வருகிற எண்ணை 5 என்று முன்கூட்டியே முடிவுகட்டாதீர்கள். அது ஐந்தில் எத்தனையாவது தரமாக இருக்கப்போகிறது என்று மட்டும் கேளுங்கள். அதன் தரம் 1, 2, 3 எதுவாகவும் இருக்கலாம். அதற்குச் சமமாகவோ மேலாகவோ இருந்த பழைய தரங்கள் எல்லாம் ஒரு படி மேலே தள்ளப்படும். 2413இலிருந்து 35241, 35142, 25143 என்று மூன்று பிறக்கின்றன. 1423இலிருந்து 25341, 15342, 15243 என்று மூன்று. ஆரம்பத்தில் 2 இருந்ததா 1 இருந்ததா என்பது இந்த மூன்றை நாலாக்கவும் இல்லை, இரண்டாக்கவும் இல்லை.

இரண்டு வேறு கடந்தகாலங்களுக்கு ஒரே எதிர்காலம் என்றால் அவற்றைத் தனித்தனியாக நினைவில் வைப்பது வீண். எந்த டிபி கணக்கானாலும் நான் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது இதைத்தான். அரே எத்தனை பரிமாணம், லூப் எத்தனை என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். யூடியூபில் பார்த்து நாப்சாக், எல்ஐஎஸ், எல்சிஎஸ் என்று வகைவகையாகப் பாடமாக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள் எனக்குக் கொஞ்சம் கவலை தருகிறார்கள். பாடமாக்கியதற்கு வெளியே ஒரு கணக்கு வந்தால் எந்தச் சூத்திரம் பொருந்தும் என்று தேடுவார்கள். தேட வேண்டியது சூத்திரத்தை அல்ல.

சரி, நினைவில் நிற்க வேண்டியது ஒரே ஓர் எண்: கடைசியாக வைத்ததன் தரம். அதைக் கொப்பியில் எழுதிப் பார்ப்போம். ஏறி முடிகிற வரிசைகளை மட்டும் எடுத்து, கடைசித் தரம் 1 ஆக இருப்பவை எத்தனை, 2 ஆக இருப்பவை எத்தனை என்று ஒரு வரியாக எழுதவேண்டும். நான்கு எண்களுக்கு மேலே உள்ள ஐந்தையும் பிரித்தால் 0, 1, 2, 2. தரம் ஒன்றில் ஏறி முடிய முடியாது, ஆகவே சுழி. இரண்டில் முடிவது 3412. மூன்றில் முடிபவை 1423, 2413. நான்கில் முடிபவை 1324, 2314.

ஐந்து எண்களுக்கான வரி இதிலிருந்து எப்படி வருகிறது? ஐந்தாவது எண்ணோடு ஏறி முடிய வேண்டுமென்றால் நான்காவதில் இறங்கியிருக்க வேண்டும். நம்மிடம் இருப்பதோ ஏறி முடிகிறவற்றின் வரி. பரவாயில்லை. ஒரு வரிசையைத் தலைகீழாகக் கவிழ்த்தால், 1 இருந்த இடத்தில் 4, 2 இருந்த இடத்தில் 3 என்று மாற்றினால், ஏற்றமெல்லாம் இறக்கமாகிவிடும். ஆகவே இறங்கி முடிகிறவற்றின் வரி, அதே வரியைப் பின்புறமாக வாசிப்பதுதான்: 2, 2, 1, 0. புது எண்ணின் தரம் எதுவோ அதற்குக் கீழே உள்ள தரங்களில் முடிந்தவற்றை எல்லாம் கூட்ட வேண்டும். சுழியில் தொடங்கி வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனால் 0, 2, 4, 5, 5. அவ்வளவுதான் வேலை. திருப்பு, சுழியில் தொடங்கு, கூட்டிக்கொண்டே போ.

முழுவதையும் ஒன்றிலிருந்து எழுதினால் இப்படி வரும்:

1
0, 1
0, 1, 1
0, 1, 2, 2
0, 2, 4, 5, 5
0, 5, 10, 14, 16, 16
0, 16, 32, 46, 56, 61, 61

ஒவ்வொரு வரியின் கூட்டுத்தொகையும் அந்த நீளத்துக்கான விடை: 1, 1, 2, 5, 16, 61, 272. ஒரு வரியின் கூட்டுத்தொகைதான் அடுத்த வரியின் கடைசி எண்ணாகவும் நிற்கிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள்; அதை நான் சொல்லிக்கொடுப்பதில்லை. வரியைத் திருப்புவதற்குப் பதிலாக ஒரு வரியை இடமிருந்து வலமாகவும் அடுத்ததை வலமிருந்து இடமாகவும் எழுதினாலும் இதே முக்கோணம்தான் கிடைக்கும், கந்தளாய் வயலில் ஏர் ஓரத்தில் திரும்பி மறுசால் ஓட்டுகிற மாதிரி.

ஜெர்மன் கணிதர் சைடல் 1877இல் எழுதியது இந்த முக்கோணம். இரண்டு வருடம் கழித்துப் பிரான்சில் தெசிரே ஆந்த்ரே இந்த எண்களுக்கும் திரிகோண கணிதத்தின் சீக்கன், டான்ஜன் தொடர்களுக்கும் உள்ள உறவைக் காட்டினார். முக்கோணத்தின் உள்ளே இருக்கிற எண்கள் இன்று என்ட்ரிங்கர் பெயரில் அழைக்கப்படுகின்றன. அவருடைய கட்டுரை 1966இல் வந்தது. ஒற்றைப்படை நீளங்களுக்கான 1, 2, 16, 272 என்கிற எண்கள் பெர்னூலி எண்களிலிருந்து ஒரு பெருக்கலிலும் ஒரு வகுத்தலிலும் கிடைத்துவிடும். கும்பகோணத்து இராமானுஜன் 1911இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் வெளியிட்ட முதல் கட்டுரை பெர்னூலி எண்களைப் பற்றியதுதான். முந்தைய எண்களைக் கொண்டு அடுத்ததைப் பெறுகிற வழிகள் அதில் நிறைய. சேமித்து வைத்து முன்னே போகிற வேலைக்குக் கணினி பிறப்பதற்கு முன்பே ஆட்கள் இருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. எட்டுக்கான 1385ஐ, ஏழுக்கான 272ஐ எட்டால் பெருக்கி வருகிற 2176ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.6365. இரண்டைப் பையால் வகுத்தாலும் 0.6366. ஒவ்வொரு எண் கூடும்போதும் ஏறி இறங்குகிற வரிசைகளின் பங்கு ஏறக்குறைய இதே விகிதத்தில் சுருங்குகிறது. அலைகளை எண்ணப் போன இடத்தில் வட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிற பிள்ளைக்கு ஆந்த்ரேயின் சீக்கனையும் டான்ஜனையும் காட்டலாம். கேட்காத பிள்ளைக்கு எதைக் காட்டியும் பயனில்லை.

நிரலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பைத்தனில் ஒரு லிஸ்ட், ஒரு ஃபார் லூப், உள்ளே திருப்பிக் கூட்டுகிற ஒரு வரி. பெரிய எண்களைப் பைத்தன் தானே தாங்கிக்கொள்ளும். சி பிளஸ் பிளஸில் எழுதுகிறவர்கள் 24ஆம் எண்ணிலேயே லோங் லோங் நிரம்பி வழிவதைப் பார்ப்பார்கள். அதனால்தான் போட்டிகளில் விடையை 1,000,000,007ஆல் வகுத்து மீதியைக் கேட்கிறார்கள். கூட்டிக்கொண்டே போகாமல் ஒவ்வொரு கட்டத்துக்கும் முதலிலிருந்து கூட்டினால் மூவாயிரம் எண்ணுக்கு நிரல் திணறும். கூட்டுத்தொகையைக் கையோடு கொண்டுபோனால் திணறாது.

இதே புத்தியைத் தமிழ் வாத்தியார் வேறு பெயரில் எங்களுக்கு முன்பே கற்றுக்கொடுத்துவிட்டார். மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். வெண்பாவின் தளை விதி முழுவதும் இந்த மூன்று துண்டில் அடங்கும். ஒரு சீர் நேரில் முடியும் ஈரசையா, நிரையில் முடியும் ஈரசையா, மூவசைக் காயா என்று மட்டும் பார். அடுத்த சீர் எதில் தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அதற்கு முந்தின சீர் என்ன, அதற்கும் முந்தினது என்ன என்று கேட்கிற இலக்கணம் இல்லை. மா வருகிற இடமெல்லாம் நேருக்கு எதிரே நிரை, விளம் வருகிற இடமெல்லாம் நிரைக்கு எதிரே நேர் என்று மாறிமாறி வருகிற கட்டு அது. நிரல் எழுதுகிறவன் பார்வையில் தளை என்பது ஒரே ஒரு பிட் நினைவு.

அப்படியானால் குறள் வெண்பாவுக்கு எத்தனை வாய்பாட்டு வடிவம் உண்டு என்று எண்ணலாமே. ஏழு சீர். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்று. முன்னுள்ள ஆறு சீர்களும் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்ற நான்கிலும் அவற்றின் காய்கள் நான்கிலுமாக எட்டு வகை. தளை இல்லாவிட்டால் எட்டை ஆறு தரம் பெருக்கி நான்கால் பெருக்க வேண்டும்: 1,048,576. தளையோடு எண்ணினால்? நேரில் தொடங்குகிற சீர்கள் தேமா, கூவிளம், தேமாங்காய், கூவிளங்காய் என்று நான்கு. நிரையில் தொடங்குகிறவையும் நான்கு. தளை எதைக் கேட்டாலும் கையில் நான்கு தெரிவு இருக்கிறது. முதற்சீருக்கு எட்டு, அடுத்த ஐந்துக்கும் நான்கு நான்கு, கடைசிக்கு இரண்டு. விடை 16,384. ஆறு தளைகளும் ஆறு முறை பாதியாக்கியிருக்கின்றன. இங்கே அட்டவணையே தேவைப்படவில்லை. அந்த ஒரு பிட்டைக்கூட மறந்துவிடலாம், ஏனென்றால் இரண்டு பக்கமும் சமன்.

பதினைந்து சீர் நேரிசை வெண்பாவுக்கு இதே கணக்கு இரண்டின் முப்பதாம் அடுக்கைத் தரும்: 1,073,741,824. போட்டிக்காரர்களின் 1,000,000,007ஐ அது தாண்டிவிடுவதால் நடுவர் எதிர்பார்க்கிற விடை 73,741,817 ஆக இருக்கும். புலவர்கள் மன்னிக்க வேண்டும்.

சமன் குலைகிற இடத்தில்தான் அட்டவணைக்கு வேலை. அடுத்தடுத்து ஒரே வாய்பாடு வரக்கூடாது என்று ஒரு விதியை நாமே போட்டுக்கொள்வோம். இப்போது எல்லாச் சீரும் ஒன்றுபோல இல்லை. தேமாவுக்குப் பின் நிரை வரவேண்டும், ஆகவே தேமா தானாகவே திரும்ப வராது. நான்கு தெரிவும் அப்படியே இருக்கிறது. புளிமாவுக்குப் பின்னும் நிரைதான், ஆனால் புளிமாவே நிரையில் தொடங்குகிறது. ஒன்று கழிந்து மூன்று. கூவிளம், தேமாங்காய், கூவிளங்காய் மூன்றுக்கும் மூன்று தெரிவு. கருவிளம், புளிமாங்காய், கருவிளங்காய் மூன்றுக்கும் நான்கு. எட்டுச் சீரையும் தனித்தனியாக நினைவில் வைக்கத் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். தேமா, புளிமா, நேர்த்தொடக்க மூன்று, நிரைத்தொடக்க மூன்று என்று நான்கு பெட்டி போதும். ஒரு பெட்டிக்குள் இருக்கிறவை எதிர்காலத்தைப் பொறுத்தவரை ஒரே மாதிரி.

ஒரு சீரில் பெட்டிகள் 1, 1, 3, 3. இரண்டாம் சீரில் 6, 1, 15, 6, மொத்தம் 28. பிறகு மொத்தங்கள் 96, 330, 1140 என்று போய் ஆறாம் சீரில் 3930. கடைசிச் சீருக்கு இரண்டு தெரிவு, 7860. ஆக 16,384 குறள் வடிவங்களில் பாதிக்கும் குறைவானவைதான் அடுத்தடுத்து ஒரே வாய்பாடு வராதவை. திருவள்ளுவரின் முதற்குறள் அந்த 7860இல் இல்லை. அதன் முதல் இரண்டு சீரும் புளிமா, ஐந்தாம் ஆறாம் சீர்களும் புளிமா. அலகிட்டுப் பார்த்தால் புளிமா, புளிமா, புளிமாங்காய், தேமா, புளிமா, புளிமா, பிறப்பு. நான் போட்ட விதி கணக்குக்கு நல்ல விதி, கவிதைக்கு அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

யாப்பை எண்ணுகிற பழக்கம் புதிதல்ல. அடியின் விரியை 625 என்று தொல்காப்பியச் செய்யுளியல் கணக்கிட்டே சொல்கிறது. வடமொழி யாப்பில் குறிலும் நெடிலும் கலந்து ஒரு குறித்த மாத்திரைக்கு எத்தனை வடிவம் என்று விரகாங்கரும் பின்னர் 12ஆம் நூற்றாண்டில் ஹேமச்சந்திரரும் எண்ணப் போய் முந்தின இரண்டைக் கூட்டி அடுத்ததைப் பெறுகிற தொடரைக் கண்டார்கள். ஃபிபோனாச்சி என்று உலகம் சொல்வது அதைத்தான். நாராயண பண்டிதரின் 1356ஆம் ஆண்டு கணித கௌமுதி அடுக்குகளையும் சேர்க்கைகளையும் எண்ணுவதற்கென்றே பக்கங்களை ஒதுக்குகிறது. திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. 1947இல் வெளிவந்த அவருடைய யாழ் நூலில் பண்ணும் பின்னமும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. தமிழும் கணக்கும் வேறுவேறு வாங்கில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இந்த ஊரில் கொஞ்சம் யோசித்துப் பேச வேண்டும்.

கடைசித் தரத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் வழி எல்லாவற்றுக்கும் சரிவராது. ஒரு மீன் லொறியை எடுப்போம். தெற்கிலிருந்து வடக்காக மூதூர், கிண்ணியா, திருகோணமலை, உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று ஏழு இடம். ஏழுக்கும் ஒவ்வொரு தரம் போக வேண்டும். ஒரு முறை வடக்கே போனால் அடுத்த முறை தெற்கே. டீசல் விலை தெரிந்த எந்தச் சாரதியும் இப்படி ஓடமாட்டான், ஆனாலும் கணக்குக்கு ஓட்டுவோம். மொத்தம் 544 வழி. திருகோணமலையில் தொடங்குபவை 88. இதை மேலே உள்ள ஏழாம் வரியே சொல்லிவிடும், தெற்கே இறங்கித் தொடங்குபவை 32, வடக்கே ஏறித் தொடங்குபவை 56. ஆனால் திருகோணமலையில் தொடங்கி நிலாவெளியில் முடிய வேண்டும் என்றால்? இரண்டு முனையையும் கட்டிவிட்ட பிறகு தரத்தை மட்டும் நினைவில் வைத்து எண்ண முடியாது. தரம் மாறிக்கொண்டே போகும், நிலாவெளியோ ஐந்தாவது இடத்தில் அசையாமல் நிற்கும்.

2016இல் ருமேனியாவில் நடந்த மத்திய ஐரோப்பிய இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாட்டில் இது ஒரு கங்காருவின் கதையாக வந்தது. இதை அவிழ்க்கிற வழி எனக்கு எப்போதும் பிடித்தது. பயணத்தை முதலிலிருந்து கடைசி வரை அடுக்குவதை விட்டுவிடுங்கள். இடங்களைத் தெற்கிலிருந்து வடக்காக ஒவ்வொன்றாக எடுத்துப் பயணத்துக்குள் செருகுங்கள். அப்போது கையில் இருப்பது முழுப் பயணம் அல்ல, சில துண்டுகள். புதிதாக வருகிற இடம் தொடக்கமோ முடிவோ இல்லையென்றால் அதற்கு இரண்டே வழி. அதன் இரண்டு அயலும் இன்னும் வடக்கே உள்ளவை என்றால் அது தனித் துண்டாக நிற்கும். இரண்டு அயலும் தெற்கே உள்ளவை என்றால் ஏற்கெனவே இருக்கிற இரண்டு துண்டுகளை ஒட்டவைக்கும். ஒரு பக்கம் தெற்கு, ஒரு பக்கம் வடக்கு என்பதற்கு இடமே இல்லை. மாறிமாறிப் போக வேண்டும் என்ற விதி அதைத் தடுத்துவிட்டது. தொடக்க இடமும் முடிவு இடமும் மட்டும் ஓரத்தில் தனியாக நிற்கலாம், அல்லது ஓரத் துண்டில் ஒட்டிக்கொள்ளலாம். இதைச் செய்ய எந்தத் துண்டில் எந்த ஊர் இருக்கிறது என்று தெரிய வேண்டாம். துண்டு எத்தனை என்று தெரிந்தால் போதும். ஏழு இடத்துக்கு இதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். திருகோணமலையில் தொடங்கி நிலாவெளியில் முடிகிற வழிகள் 16.

இங்கே மறதி இன்னும் ஒரு படி ஆழம். அலையில் கடைசி எண்ணின் தரமாவது நினைவில் இருந்தது. இங்கே கடைசி என்று ஒன்றே இல்லை.

இதில் எதுவும் உயர்தரப் பரீட்சைக்கு வராது. வராது என்று தெரிந்தும் பின்னேரம் மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பஸ் பிடித்து வந்து உட்கார்ந்து கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு வீட்டில் கணினி இல்லை. அது இந்தப் பாடத்துக்கு ஒரு குறையே இல்லை. முக்கோணத்துக்குக் கொப்பியும் பென்சிலும் போதும், வெண்பாவுக்கு அதுவும் வேண்டாம். வீட்டில் கணினி உள்ள பிள்ளை கீபோர்டில் கை வைத்ததுமே லூப் எழுதத் தொடங்கிவிடுகிறது, எதைச் சேமிக்கிறோம் என்று கேட்கிற கட்டத்தைத் தாண்டி ஓடிவிடுகிறது.

டிபி படிப்பிக்கிற ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை இந்தப் பாடத்தைத் தொடங்கும்போது கணினிகளை மூடிவைத்துவிட்டு, மேலே ஏழாம் வரியோடு நிறுத்தியிருக்கும் முக்கோணத்தின் எட்டாம் வரியைப் பிள்ளைகளைக் கையால் எழுதச் சொல்லுங்கள். கூட்டுத்தொகை 1385 வர வேண்டும். வந்தவர்கள் கணினியைத் திறக்கலாம். வராதவர்களோடு நீங்களும் உட்கார்ந்து ஏழாம் வரியிலிருந்து மறுபடி கூட்டுங்கள்.